அம்மா வாரும் தலை

மார்ச் 6

ஊசிக்கு,

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் போடு, கூட வரும் பொட்டலத்தை மட்டும் எறிந்துவிடாதே. அதில் இருப்பது என் முடி. யாரும் என்னை மொட்டையடிக்கவில்லை, தானாகக் கொட்டியது. குளிக்கும்போது, தலை துவட்டும்போது, தலையணையில், காரில். கொட்டக் கொட்டச் சேர்த்து வைத்தேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்பது சொல்வேன், கடைசியில் ஆபரேஷனில் வந்து நிற்கும். டிசம்பரில் நீ பேசியதே இன்னும் காதில் ஓடிக்கொண்டிருக்கிறது. "அம்மா ஊட்டி வளர்த்த உடம்ப அறுத்துப் போட்டுட்டு வந்திருக்க. இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத." சரி, மிதிக்கவில்லை. கடிதம் மிதிக்கலாம் அல்லவா.

டாக்டரம்மா இதை முன்பே சொல்லித்தான் அனுப்பினார். இரைப்பையைச் சின்னதாக்கி எடை மளமளவென்று இறங்கினால், பஞ்சம் வந்துவிட்டதாக உடம்பு நினைத்துக்கொள்ளுமாம். உயிருக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரிக்குமாம். முதலில் கை கழுவுவது முடியைத்தானாம். மூன்றாம் மாதம் தொடங்கும், சில மாதம் கொட்டும், பிறகு தானே முளைக்கும், புரதம் சாப்பிடுங்கள், இரும்பு மாத்திரையை விடாதீர்கள், கவலைப்படாதீர்கள் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அப்போது ஆட்டிய தலையில் முடி இருந்தது.

டிரைவிங் ஸ்கூல் காரில் என் சீட்டின் மேல் முடி ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஓட்டக் கற்க வருகிறவர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி உட்காருகிறார்கள். "மேடம் உக்காந்தா வண்டி ஒரு பக்கம் சாயுது" என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்கள்தான். இப்போது எனக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் இன்னொரு ஆளே உட்காரலாம், ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. நேற்று ஒரு பாங்க் மேனேஜர் ரொம்ப மெதுவாக, "உங்களுக்கு உடம்புக்கு என்ன மேடம்?" என்று கேட்டார். வண்டியை ரிவர்ஸ் எடுக்கச் சொன்னேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அம்மாவைப் பார்க்க வேண்டும். கண் போன பிறகு அவள் கையால்தானே பார்க்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் முதலில் தோளைப் பிடிப்பாள். பிறகு பின்னலைப் பிடித்து நுனிவரைக்கும் உருவுவாள். அப்புறம்தான் "பந்து வந்துட்டா" என்பாள். தோள் போய்விட்டது, அது இருந்த இடத்தில் எலும்புதான் இருக்கிறது. பின்னலும் போய்விட்டால் எதை வைத்து என்னைக் கண்டுபிடிப்பாள்? மறதி வேறு. ஆபரேஷனுக்காக நான் வருத்தப்படவில்லை, அதை எழுதி வைத்துக்கொள். முட்டி வலி போய்விட்டது, மூச்சு வாங்காமல் படி ஏறுகிறேன். ஆனால் அம்மா என் தலையைத் தொட்டுவிட்டு "நீ யாரும்மா" என்று கேட்டுவிட்டால் என்னால் தாங்க முடியாது.

நீ விக் கட்டுகிறவள். என் முடியிலேயே எனக்கு ஒரு விக் கட்டிக் கொடு, அதை வைத்துக்கொண்டு வருகிறேன். கெஞ்சவில்லை, ஆர்டர் கொடுக்கிறேன் என்று வைத்துக்கொள்.

பந்து


மார்ச் 19

அக்காவுக்கு,

பொட்டலம் வந்தது. எறியவில்லை.

கொட்டிய முடியை எங்கள் பட்டறையில் தொடமாட்டோம். வெட்டிய முடி என்றால் வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் என்று ஒழுங்காக வரும். கொட்டியதில் தலையும் வாலும் கலந்து கிடக்கும். அப்படியே கட்டினால் ஒரே வாரத்தில் சிக்கு விழுந்து பாத்திரம் தேய்க்கிற நாராகிவிடும். ஒவ்வொன்றையும் விரல் நடுவில் வைத்து நெருட வேண்டும். நெருடினால் முடி மெல்ல நகரும். எந்தப் பக்கமாக நகர்கிறதோ அந்தப் பக்கம் வேர். நீ அனுப்பிய குப்பை முழுவதையும் அப்படித்தான் பிரித்தேன். உனக்கு எல்லாமே சுலபம், அனுப்பிவிட்டால் போதும்.

கட்டித் தருகிறேன். உனக்காக இல்லை, அம்மாவுக்காக. நீ வருவது நின்றதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. தட்டைத் தள்ளிவிட்டு "பந்து சாப்பிட்டாளா?" என்கிறாள். சாப்பிட முடியாமல் போகட்டும் என்றுதானே வயிற்றை அறுத்துக்கொண்டாய், அதை நான் எந்த வாயால் சொல்வது? உனக்கு லீவு கிடைக்கவில்லை என்றுதான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பட்டறையில் சொந்த வேலை செய்ய விடமாட்டார்கள். விக் மாட்டிக் கட்டுகிற மரத்தலையை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஜன்னலோரம் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்து மேஜையில் வைத்திருக்கிறேன். உன் தலை அளவு எனக்குத் தெரியும். அதற்கு வலைத்தொப்பி தைத்து மாட்டியாயிற்று. கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாக முடிச்சுப் போட வேண்டும். இந்த முடி பிடரியிலிருந்து காதுவரைக்கும் வந்தாலே பெரிது, இன்னும் அனுப்பு.

ஒன்று கேட்க வேண்டும். தலைக்கு ஏதாவது புதிதாகத் தடவுகிறாயா? மற்றவர்கள் முடி எவ்வளவு நெருடினாலும் ஒரு நகத்தளவுதான் நகரும். உன்னுடையது விரலைத் தாண்டி உள்ளங்கைக்கு வந்துவிடுகிறது. ஒன்று மணிக்கட்டுவரை போனது. காற்றில் ஈரம் இருந்திருக்கும்.

ஊசி


ஏப்ரல் 3

ஊசிக்கு,

ஒன்றும் தடவவில்லை. தடவ என்ன இருக்கிறது?

இன்னொரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். இதைச் சேகரிக்கக் கஷ்டமே படவில்லை. குளியலறைச் சல்லடையை எடுத்தாலே ஒரு கைப்பிடி வருகிறது. உச்சி வகிடு சாலை மாதிரி அகலமாகிவிட்டது, நடுவில் கோடு போட்டால் இரண்டு பக்கமும் வண்டி விடலாம்.

சாப்பாடு என்று கேட்டால், காலையில் ஒரு முட்டையில் பாதி. மதியம் நாலு ஸ்பூன் சூப். அதற்கு மேல் ஒரு வாய் போனால் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்ளும். புரதப் பொடி சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது, குடிக்கிறேன். அம்மா பார்த்தால் மயக்கமே போட்டுவிடுவாள்.

நீ கட்டித் தருகிறேன் என்று எழுதியதைப் படித்துவிட்டு அழுதேன். நன்றி எல்லாம் சொல்லமாட்டேன், சொன்னால் உனக்குத் தலைக்கனம் வந்துவிடும். அம்மா என்ன செய்கிறாள், என்ன சொல்கிறாள் என்று எழுது. மரத்தலையை அவள் கைக்கு எட்டாமல் வை.

பந்து


ஏப்ரல் 24

அக்காவுக்கு,

ஒரு காரியம் செய்துவிட்டேன். திட்டாமல் படி.

அம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்க மேஜையைப் பிடித்திருக்கிறாள், கை மரத்தலை மேல் பட்டுவிட்டது. நான் அடுப்படியில் இருந்தேன். எட்டிப் பார்த்தால் அம்மா முடியை மேலிருந்து கீழே உருவிக்கொண்டிருக்கிறாள். "பந்து, எப்ப வந்த? சொல்லவே இல்ல" என்றாள். அது விக் என்று சொல்லத்தான் போனேன். அதற்குள் "சாப்பிட்டியாடி?" என்று கேட்டுவிட்டாள். அந்தக் குரலை நீ கேட்டிருக்க வேண்டும். இத்தனை மாதமாக என்னிடம் அப்படி ஒருநாளும் பேசவில்லை.

நான் கதவோரம் நின்றபடியே, உன்னை மாதிரி இழுத்து, "சாப்ட்டேம்மா, நீ சாப்பிடு" என்றேன். நம் இரண்டு பேர் குரலும் ஒன்றுதானே, போனில் எத்தனை பேர் ஏமாந்திருக்கிறார்கள். அன்று அம்மா கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு தினமும் நான் பதில் சொன்னேன். சாயங்காலம் ஆனால் சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து விடுகிறாள். வாருகிறாள், பின்னுகிறாள், அவிழ்க்கிறாள், மறுபடியும் வாருகிறாள். முகத்தில் சதை பிடித்திருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு நிறுத்து என்று யார் சொல்வார்கள்?

கீழ் வீட்டு டீச்சர்தான் நான் பட்டறைக்குப் போகும்போது அம்மாவை எட்டிப் பார்த்துக்கொள்கிறார். நேற்று என்னைப் படியில் பிடித்து, "உங்க அக்கா வந்திருக்காங்களா? மத்தியானம் ரெண்டு பேரும் பேசிட்டிருந்தாங்களே" என்றார். அந்த நேரம் நான் பட்டறையில் இருந்தேன். அம்மா தனியாகப் பேசுவாள் என்று சொன்னேன். டீச்சர் ஒரு மாதிரி பார்த்தார்.

இதையும் கேட்டுவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை நான் வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னாள்: "பந்து இன்னிக்கு வாந்தி எடுத்தா. வண்டிய ஓரமா நிறுத்திட்டு எடுத்தா. கூட இருந்த பொம்பள தண்ணி குடுத்தா, பாவம் அவளும் பயந்துட்டா." அம்மாவுக்கு நீ ஆபரேஷன் செய்துகொண்டதே தெரியாது. ஏதோ கனவு கண்டிருப்பாள் என்று நினைக்கிறேன்.

ஊசி


மே 8

ஊசிக்கு,

கனவு இல்லை. செவ்வாய்க்கிழமை, சிக்னல் தாண்டி ஒரு மருந்துக்கடை வாசலில். கற்றுக்கொள்ள வந்த அம்மாள்தான் தண்ணீர் கொடுத்தார். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது.

உன் கடிதத்தை மடித்து மேஜை இழுப்பறையில் வைத்தேன், பிறகு எடுத்து வேறு அறையில் வைத்தேன். எங்கே வைத்தாலும் அது இருக்கிற பக்கம் போகப் பிடிக்கவில்லை.

நீ என் குரலில் பேசியதற்கு உன்னைத் திட்டலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். திட்ட வரவில்லை. அம்மா சாப்பிடுகிறாள் என்று எழுதியிருக்கிறாயே. எனக்குப் பொறாமையாக இருக்கிறது, அதுதான் உண்மை. மரக்கட்டையைப் பார்த்துப் பொறாமைப்படுகிற நிலைக்கு வந்துவிட்டேன்.

இன்னொன்று. இந்தத் தடவை பொட்டலம் வரவில்லையே என்று நினைத்திருப்பாய். அனுப்ப முடி இல்லை. கொட்டுவது நின்றுவிட்டது. தலையணை சுத்தமாக இருக்கிறது, சல்லடை சுத்தம், கார் சீட் சுத்தம். முதல் இரண்டு நாள் சந்தோஷத்தில் குதித்தேன். பிறகு கண்ணாடியில் பார்த்தேன். வகிடு இன்னும் அகலமாகியிருக்கிறது. காதுக்கு மேலே தோல் தெரிகிறது. டாக்டரம்மா கையுறை போட்டுக்கொண்டு தலையைத் தடவிப் பார்த்தார். "கொட்டறது நின்னுடுச்சுன்னு சொல்றீங்க, ஆனா குறைஞ்சிட்டே வருதே" என்றார். ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, புரதம் இருக்கிறது, எல்லாம் இருக்க வேண்டிய அளவில் இருக்கிறது. எடை மட்டும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் இறங்கிக்கொண்டே போகிறது.

ஊசி, கொட்டாத முடி எங்கே போகிறது?

பந்து


மே 20

அக்காவுக்கு,

இங்கே வருகிறது.

நான் கடைசியாக முடிச்சுப் போட்டது ஏப்ரல் பாதியில். காதுக்கு மேலே ஒரு வரிசையோடு முடி தீர்ந்துவிட்டது, நீ அனுப்பினால் தொடரலாம் என்று விட்டுவிட்டேன். தினமும் பட்டறையில் அதே வேலை என்பதால் வீட்டில் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. உன் கடிதம் வந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உச்சிவரைக்கும் நிறைந்திருக்கிறது. வலையே தெரியவில்லை.

பட்டறையில் வேறு யாரோ விளையாடுகிறார்களோ என்று நினைக்காதே, அது வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நான் போட்ட இடத்தில் என் முடிச்சு இருக்கிறது. மற்ற இடத்தில் முடிச்சே இல்லை. வலைக் கண்ணிலிருந்து நேராகக் கிளம்பி வந்திருக்கிறது. மேலே நெற்றி ஓரத்தில் உனக்கு இருக்குமே, அந்தச் சின்னப் பூனைமுடி, அதுகூட இருக்கிறது. அதை எந்த விக்கிலும் யாரும் கட்டமாட்டார்கள்.

பிரித்துவிடலாம் என்று கத்தரியை எடுத்தேன். அம்மா தூங்கிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். பின்பக்கம் ஓரமாக ஒரே ஒரு முடியை வெட்டியிருப்பேன். அம்மா படுக்கையிலிருந்தபடி, "அவள ஏன்டி குத்தற?" என்றாள். சத்தமாகக்கூட இல்லை, சாதாரணமாகச் சொன்னாள். கத்தரியை வைத்துவிட்டேன்.

அது ஞாயிற்றுக்கிழமை, நண்பகல். உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுது.

ஊசி


மே 29

ஊசிக்கு,

பிடரியில் சுருக்கென்றது. கை வைத்தேன், விரலில் ஒரு பொட்டு ரத்தம். கொசு என்று நினைத்தேன்.

வெட்டாதே. எரிக்காதே, மூட்டை கட்டி எங்கேயும் போட்டுவிடாதே. ஆனால் இனி என் குரலில் பதில் சொல்லாதே. இதை நான் அதட்டலாகவே சொல்கிறேன். முடியைக் கொடுத்தவள் நான், குரலைக் கொடுத்தவள் நீ. நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அதை உட்கார வைத்திருக்கிறோம். அம்மாவிடம் உண்மையைச் சொல். ஆபரேஷனையும் சொல், இளைத்ததையும் சொல், நான் வீட்டில் இல்லை என்பதையும் சொல்.

நேற்று லைசென்ஸ் அலுவலகத்தில் என் போட்டோவையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இது நீங்களா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்ல எனக்கு நேரம் பிடித்தது.

பந்து


ஜூலை 2

அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எதை எழுதுவது என்று தெரியாததுதான்.

நீ சொன்னபடியே செய்தேன். அம்மா கூப்பிட்டாலும் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா ஆபரேஷன் பண்ணிக்கிட்டா, நல்லா இளைச்சுட்டா, முடி கொட்டிப்போச்சு, அந்த முடியில் நான் கட்டின விக்தான் இது, அவ தூரத்துல இருக்கா என்றேன். அம்மா பொறுமையாகக் கேட்டாள். பிறகு சிரித்தாள். "நீ எதுக்கு அவகிட்ட இன்னும் கோவமா இருக்க? அவ உன்னப் பத்தி ஒண்ணுமே தப்பா சொல்றதில்ல" என்றாள்.

ஆனால் நான் பதில் சொல்வதை நிறுத்தியதும் அது குறைய ஆரம்பித்தது. முதலில் சீப்பில் இரண்டு மூன்று வந்தது. பிறகு மேஜை மேல், அம்மாவின் மடியில், தரையில். காலையில் நான் பெருக்கினால் சாயங்காலம் மறுபடியும் கிடக்கிறது. பொறுக்கி எடுத்து விரலில் நெருடிப் பார்த்தேன். எந்தப் பக்கமும் நகரவில்லை, செத்த முடி.

உனக்கு நல்லது நடக்கிறது என்று புரிந்துகொண்டேன். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அம்மாவை வந்து பார். கையில் வருகிற முடியை எல்லாம் சுருட்டித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, "எம் பொண்ணுக்கு என்னமோ ஆகுது" என்று அழுகிறாள். சாப்பாட்டைத் தொடுவதில்லை. நேற்று டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றிவிட்டுப் போனார். டீச்சர், மேலேயிருந்து இப்போது ஒரு குரல்தான் கேட்கிறது என்கிறார். அதை ஆறுதலாகச் சொல்கிறாரா என்று தெரியவில்லை.

வாசப்படி மிதிக்காதே என்று சொன்னது நான்தான். அதை விட்டுத் தள்ளு. விக்கும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நீயாக வா. உன்னைத் தொட்டுப் பார்த்தால்தான் அம்மா பிழைப்பாள்.

ஊசி


ஜூலை 11

ஊசிக்கு,

முளைத்துவிட்டது. உச்சி முழுவதும் கோழிக்குஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கிறது. சுருட்டையாக வருகிறது. பழைய முடி கோடு போட்ட மாதிரி நேராக இருக்குமே, இது யாருடைய முடியோ என்று தோன்றுகிறது. டாக்டரம்மா, "நான் சொன்னேனா இல்லையா" என்று ஒரு வெற்றிச் சிரிப்பு சிரித்தார். எடையும் நின்றுவிட்டது. பாங்க் மேனேஜர் லைசென்ஸ் வாங்கிவிட்டார், ஸ்வீட் கொண்டுவந்தார், ஒரு விள்ளல் சாப்பிட்டேன், தங்கியது. சாலையில் நடக்கும்போது காற்று நேராக மண்டையில் படுகிறது. எனக்கு இந்தத் தலை பிடித்திருக்கிறது, ஊசி. இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு எப்போது இருந்தது என்று நினைவில்லை.

வருகிறேன். இருபதாம் தேதி காலை வண்டியில் வந்து, சாயங்கால பஸ்ஸில் திரும்ப வேண்டும், அதற்கு மேல் லீவு இல்லை. நீ வழக்கம்போல் பட்டறைக்குப் போ. முதலில் நானும் அம்மாவும் மட்டும் இருக்க வேண்டும். விக்கும் வைத்துக்கொள்ளமாட்டேன், துணியும் கட்டிக்கொள்ளமாட்டேன். நான் இதுதான் என்று அவள் கையைப் பிடித்து என் தலையில் வைக்கப் போகிறேன். அவளுக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆனாலும் சரி.

பந்து


ஜூலை 20, பிற்பகல்

ஊசிக்கு,

இதை உன் மேஜையில் வைத்துவிட்டுப் போகிறேன். போக முடிந்தால். அம்மா நன்றாக இருக்கிறாள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு தட்டு சாப்பிட்டாள்.

கதவைத் திறந்ததும் "யாரு?" என்றாள். "நான்தாம்மா, பந்து" என்றேன். விரலை உதட்டில் வைத்து, "மெதுவாப் பேசும்மா, அவ இப்பதான் கண்ணசந்தா" என்றாள். நான் முன்னால் போய் மண்டியிட்டு அவள் கையை எடுத்துத் தோளில் வைத்தேன். எலும்பைத் தடவிப் பார்த்தாள். தலையில் வைத்தேன். "சின்னப் பொண்ணா இருக்கியே. குரல் மட்டும் எங்க பந்து குரல் மாதிரியே இருக்கு. சொந்தமா?" என்று கேட்டாள். நான் எவ்வளவோ சொன்னேன். நாம் சின்ன வயதில் போட்ட சண்டைகள், அப்பா போன அன்று மூன்று பேரும் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டது, எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு, "உனக்கு எல்லாம் சொல்லியிருக்கா போல" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. மேஜைப் பக்கம் திரும்பி அதைப் பிடுங்கி எறியலாம் என்று பார்த்தேன், மேஜையில் மரத்தலை வெறுமனே இருந்தது. அம்மாதான் விக்கை மடியில் வைத்துச் சேலையால் மூடியிருந்தாள். விலக்கிக் காட்டினாள். பாதிக்கு மேல் போய்விட்டது, வகிடு அகலமாக, காதுக்கு மேலே வலை தெரிய, மே மாதம் நான் கண்ணாடியில் பார்த்த அதே தலை. "பாரும்மா, எப்படி இருந்த முடி. சாப்பிடவும் மாட்டேங்கறா. நான் என்ன பாவம் பண்ணேன்" என்று அழுதாள். எனக்காக யாரும் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நான் ஊரில் தனியாக முடி கொட்டிக்கொண்டிருந்தபோது எந்த அழுகையை நினைத்து ஏங்கினேனோ அதே அழுகை, இரண்டடி தூரத்தில், வேறு ஒருத்திக்கு.

நான் அதை என் மடியில் வாங்கிக்கொண்டேன். சூடாக இருந்தது, காய்ச்சல்காரக் குழந்தையின் தலை மாதிரி.

அப்போது அம்மா என் தலையை இன்னொரு தடவை தடவினாள். "உனக்கு நல்லா முளைச்சிருக்கே. ஒரு பெரியவ கேக்கறேன்னு தப்பா நினைக்காத. எம் பொண்ணுக்குக் கொஞ்சம் குடுப்பியா? நீ சின்னவ, உனக்குத் திரும்ப வளர்ந்துடும்."

மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். வண்டியில் வரும்போது ஜன்னல் கண்ணாடியில் இந்தத் தலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தவள் நான். ஆனால் அவள் கை என் தலையை விட்டு எடுபடவில்லை. டிசம்பரிலிருந்து இந்தக் கைக்காகத்தானே காத்திருந்தேன். "எடுத்துக்கோம்மா" என்றேன்.

அவள் நாற்காலியில், நான் அவள் காலடியில் தரையில், உன் மேஜையில் கிடந்த அட்டை ஒன்றை முட்டியில் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன், அது என் மடியில். அம்மா என் தலையை வாருகிறாள், ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பில் வருவதை வழித்து, குனிந்து, அதற்கு வைக்கிறாள். வைத்தது அங்கேயே நின்றுகொள்கிறது. என் சுருட்டை அங்கே போனதும் நேராகிவிடுகிறது. எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை. நடுவில் அம்மா குனிந்து, "வலிக்குதாடி?" என்று கேட்டாள். இத்தனை மாதத்துக்குப் பிறகு என்னை 'டி' போட்டுக் கேட்கிறாள் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் "இல்லம்மா" என்று என் மடியிலிருந்து பதில் வந்துவிட்டது.

நீ சீக்கிரம் வந்து எங்களைப் பிரித்துவிடாதே. பஸ்ஸுக்கு நேரமாகிறது, தெரியும். அம்மாவின் இடது கை என் நெற்றியை ஏந்திப் பிடித்திருக்கிறது, சின்ன வயதில் பிடிப்பாளே அதே மாதிரி. இன்னும் கொஞ்சம் முடி இருக்கிறது. அது இருக்கும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.